கொக்குக் கொட்டகையில் பல்வலி

தேம்ஸ் நதியின் தென்கரையில் இருந்த கொக்கு நாடகக் கொட்டகையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அதன் மேடை, கூரை, கொடிக்கம்பம் பற்றியெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அது ஓடியதே ஒரு குமாஸ்தா போட்ட முப்பது கோடுகளால்தான் என்பதை ஒருவரும் எழுதவில்லை.

உத்தரவு தெளிவானது. கொள்ளைநோயில் வாரத்துக்கு முப்பது பேர் வரை செத்தால் நாடகம் நடத்தலாம். முப்பத்தொன்று ஆனால் கொட்டகையை மூட வேண்டும். முப்பது பிணம் வரை சாதுவாக இருக்கும் நோய், அடுத்த பிணத்திலிருந்துதான் தொற்ற ஆரம்பிக்கிறது என்று மேன்மை தங்கிய நகர மன்றத்தார் எப்படியோ கண்டுபிடித்திருந்தார்கள்.

கொட்டகை முதலாளி ஜாஸ்பர் விண்டிலை நம்பி நாற்பது குடும்பங்கள் இருந்தன. கொட்டகையை மூடினால் நடிகர்கள் ஊர் ஊராகத் திரிய வேண்டும். திரிந்தால் நாடோடிகள் என்று பிடித்துச் சவுக்கால் அடிப்பார்கள். அதனால் ஜாஸ்பர் தினமும் பிணங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை எண்ணிக்கை சரியாக முப்பதில் நின்றபோது, அவருடைய கோமாளி நடிகன் டோபியஸ் கிரேக் செத்துப்போனான். அக்குளில் முட்டை அளவுக்குக் கட்டி. ஜாஸ்பர் உண்மையாகவே அழுதார், தொப்பியைத் தேடி எடுக்கும் வரை. பிறகு மரணப் பதிவு குமாஸ்தா ஆம்ப்ரோஸ் பெல்லிடம் ஓடினார்.

அங்கே ஆக்னஸ் ரட் முன்பே வந்து நின்றாள். பிணத்தைப் பார்த்து என்ன நோய் என்று சொல்வது அவள் உத்தியோகம்.

"கொள்ளைநோய்தான்யா. கண்ணு தெரியாதவன்கூடத் தடவிப் பாத்துச் சொல்லிடுவான்" என்றாள்.

பெல் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "முப்பது கோடுதான் போட்டிருக்கேன். எங்கேம்மா எழுதறது?"

"அடியில இன்னொரு கோடு போட்டுக்கறது."

"அதுக்கு மன்றத்தோட அனுமதி வேணும். அவங்கல்லாம் நோய்க்குப் பயந்து கிராமத்துக்குப் போயிட்டாங்க. முப்பதைத் தாண்டலைன்னு நான் எழுதி அனுப்பினாத்தான் திரும்பி வருவாங்க."

வேறு எதிலாவது இடம் இருக்கிறதா என்று ஜாஸ்பர் பணிவோடு கேட்டார். பல் நோயில் மரணம் என்ற பக்கத்தில் நிறைய இடம் இருந்தது.

"டோபியஸ் வாயில ஒரு பல்லுகூடக் கிடையாதே" என்றாள் ஆக்னஸ்.

"அதனாலதாம்மா செத்திருக்கான்" என்றார் ஜாஸ்பர்.

தர்க்கம் பெல்லுக்குத் திருப்தியாக இருந்தது. எழுதினார். அன்று நாடகம் உண்டு என்று கொட்டகையில் கொடி ஏறியது.

விஷயம் பரவியது. அதே உத்தரவுக்குப் பயந்த மதுக்கடைக்காரர்களும் கரடிச் சண்டை நடத்துகிறவர்களும் தங்கள் பிணங்களோடு பெல்லிடம் வந்தார்கள். மறுவாரம் கொள்ளைநோயில் முப்பது, பல்லில் நூற்றுப் பன்னிரண்டு. ஊருக்குக் கொள்ளைநோய்ப் பயம் அடியோடு போய்விட்டது. பல் பயம் பிடித்துக்கொண்டது. அந்நாளில் பல் வைத்தியமும் பார்த்த நாவிதர்கள் நல்ல பற்களாகப் பார்த்துப் பிடுங்கித் தள்ளினார்கள். மேடையோரத்தில் முக்காலி போட்டு உட்காரும் கனவான்கள் புதுச் சட்டையோடு பொக்கை வாயையும் காட்டிக்கொண்டார்கள். எத்தனை பல் போயிற்று என்று விசாரித்துவிட்டே பெண் கொடுத்தார்கள். கொட்டகையில் வறுத்த கொட்டை விற்றவள் கஞ்சி விற்கத் தொடங்கினாள்.

மன்றத்தார் தைரியமாகத் திரும்பி வந்து, பல் புள்ளியைப் பார்த்து அதிர்ந்தார்கள். உடனே உத்தரவு: பல்லுக்கும் முப்பது கோடுதான், பொது இடத்தில் பல்லைக் காட்டுவது குற்றம். சிரிப்பு நாடகங்கள் நின்றன. ஜாஸ்பர் சளைக்கவில்லை, சோக நாடகம் போட்டார். இரண்டாயிரம் பேர் உதட்டை இறுக மூடிக்கொண்டு அழுதார்கள். கூட்டம் தாங்கவில்லை.

மூன்றாவது வாரம் ஜாஸ்பர் அக்குளிலேயே கட்டி வந்தது. அவர் பயந்தார். பயந்தது தனக்காக மட்டுமல்ல. மனைவி மார்ஜரியும் இரண்டு மகன்களும் கட்டிலை ஒட்டியே உட்கார்ந்திருந்தார்கள்.

"பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு உங்கண்ணன் ஊருக்குப் போயிடு. இது கொள்ளைநோய்" என்றார்.

"ஜுரத்துல உளறாதீங்க. அதுல முப்பது பேர் ஆயாச்சு, இந்த வாரம் இனிமே யாருக்கும் வராது. நாவிதர் கீழேதான் இருக்கார், பல்லைப் பிடுங்கிட்டாச் சரியாயிடும்."

ஜாஸ்பர் பெல்லையும் ஆக்னஸையும் வரவழைத்தார். பெல்லின் கையைப் பிடித்துக்கொண்டு, "கொள்ளைநோய்னே எழுதுங்கய்யா. என் பேச்சை நம்ப மாட்டேங்கறா. பதிவேட்டைக் காட்டினாத்தான் கிளம்புவா" என்று கெஞ்சினார்.

பெல்லுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் கொள்ளைநோயில் கோடு இல்லை, பல்லிலும் நிரம்பிவிட்டது. பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். பிரசவத்தில் மட்டும் நான்கு கோடு காலியாக இருந்தது.

"அவர் ஆம்பளைய்யா" என்றாள் ஆக்னஸ்.

"வாலிபத்துல ராணி வேஷம் போட்டவர்தானே. மேடையில ரெண்டு இளவரசர்களைப் பெத்திருக்கார், நானே பாத்தேன்" என்றார் பெல்.

வியாழக்கிழமை, கொட்டகையில் நாடகம் தொடங்க மூன்றாவது எக்காளம் ஊதியபோது ஜாஸ்பர் இறந்தார். மார்ஜரி பதிவேட்டைப் பார்த்தாள்: பிரசவம். அரசாங்கப் புத்தகம், அதில் பொய் இருக்குமா? மகன்களை எங்கும் அனுப்பவில்லை. மருத்துவச்சியைக் கூப்பிட்டு, இரண்டு பேர் வயிற்றையும் பார்க்கச் சொன்னாள்.

திங்கட்கிழமை மருத்துவச்சியின் வாசலில் ஆண்கள் வரிசை பாலம் வரை நீண்டது. வரிசையின் முன்னால் மன்றத்தார் நின்றார்கள். ஏழாவதாக ஆம்ப்ரோஸ் பெல் நின்றார், ஒரு கையால் வயிற்றைத் தடவிக்கொண்டு, மறு கையால் அக்குளை அழுத்திப் பிடித்தபடி.