உள்ளே இருந்தார், வெளியே வந்தார்

சர்க்கார் ஒரு மனிதனைச் சிறையில் வைத்தால், அவன் உடம்புக்கும் சர்க்காரே பொறுப்பு. இது சட்டம். விடுதலை செய்துவிட்டால் உடம்பு அவன் சொந்தப் பொறுப்பு. இதுவும் சட்டம்தான்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில், எங்கள் குப்பத்துப் பச்சையப்பன் சாராயம் குடித்த குற்றத்துக்காக மூன்றாவது தடவை உள்ளே போனார். அங்கே காசநோய் என்று கண்டுபிடித்துத் தினமும் ஊசி போட்டார்கள். இருமல் அடங்கி, கன்னத்தில் சதைகூடப் பிடித்தது. அந்த நேரம் பார்த்துத் தண்டனை முடிந்து தொலைந்தது. "ஊசியைப் பாதியில் நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து" என்று எச்சரித்து, ஊசியை நிறுத்தி, வெளியே அனுப்பினார்கள்.

இருமல் திரும்பியதும், மனைவி கெங்கம்மாள் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். சீட்டு கொடுக்கும் குமாஸ்தா துளசிராமன் தலை நிமிராமல் கேட்டார்.

"உள்நோயாளியா, வெளிநோயாளியா?"

"உள்ளதான் நைனா இருந்தாரு. இப்ப வெளிய வுட்டுட்டாங்க."

"டிஸ்சார்ஜா? அப்ப குணமாயிட்டாரு. அடுத்த ஆளு!"

"இருமிக்கினே கீறாரே, நைனா?"

"குணமானவருக்கு மருந்து குடுத்தா ஆடிட்ல என் தலைதான் உருளும். ஊசி போட்ட எடத்துலயே போய்க் கேளும்மா."

ஜெயில் வாசலில் நின்ற வார்டர் இன்னும் தங்கமானவர். "ஊசி கைதிக்குத்தாம்மா. கைதியா வரச்சொல்லு, ராஜமரியாதையா போடறோம்."

பச்சையப்பன் குடிக்காமலே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், "குடிச்சிக்கீறேன், புடிச்சுக்குங்க" என்று கையை நீட்டினார். மதுவிலக்கை எடுத்த வருஷம் அது. ஏட்டு லோகநாதன் சிரித்தார்.

"அதுக்கு இப்ப சர்க்கார்ல கடையே தெறந்தாச்சுய்யா. வேற நல்ல குத்தமா பண்ணிக்கினு வா."

அன்று சாயங்காலமே, எல்லாரும் பார்க்க, பச்சையப்பன் பக்கத்துக் குடிசை கோபாலின் வலையைத் திருடினார். குப்பமே கூடியது.

"ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்கய்யா! உள்ள போனாத்தான் அவருக்கு ஊசி" என்று கெங்கம்மாள் ஒவ்வொருவர் காலிலும் விழுந்தாள்.

நாங்கள் என்ன கல்நெஞ்சக்காரர்களா? தலைவர் முனுசாமி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினார்.

"நம்ம ஆளை நாமே காட்டிக் குடுத்தா குப்பத்து மானம் இன்னாத்துக்கு ஆவுறது? பாவம், நோயாளி. மன்னிச்சு வுடுவோம்."

ஏகமனதாக மன்னித்தோம். கைகூடத் தட்டினோம்.

தை பிறப்பதற்குள் பச்சையப்பன் போய்விட்டார். பிணத்தருகே கெங்கம்மாள் மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

"ஒருத்தனாச்சும் புகார் குடுத்திருந்தா பொழைச்சிருப்பாரேடா, பாவிங்களா!"

துக்கத்தில் பேசுகிறாள் என்று அவளையும் மன்னித்தோம்.