மூன்றாம் ஓலைக்கு முன் வாசிக்கவும்

கரம்பொன்,
ஊர்காவற்றுறை.
12.06.2004

அன்புள்ள மருமகன் மிரோஜனுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் மாமியும் சுகம். பாரிசில் நீரும் சுகமாக இருப்பீர் என்று நம்புகிறேன், இந்தக் கடிதத்தை வாசிக்கத் தொடங்கும் வரைக்குமாவது.

சண்டை நின்றிருக்கிறதென்று போன வருடம் சமாதானத்தைப் பார்க்க ஊருக்கு வந்தபோது நீர் ஒரு கணினியும் கொண்டுவந்து தந்தீர். சமாதானம் வாசலைப் பார்த்தபடி நிற்கிறது, கணினி அசையவில்லை. அதில் லினக்ஸ் ஏற்றியிருப்பதாகவும் அது இலவசம் என்றும் சொன்னீர். இலவச நிவாரண அரிசி சாப்பிட்டவர்கள் நாங்கள். புழு இருக்கும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

உம்முடைய மச்சாள், என் மகள் யூலியானா, அங்கே டெனிஸ்ரனைக் கட்டப்போவது உமக்குத் தெரியும். பெடியன் நல்லவன், உழைப்பாளி, குடிக்கமாட்டான். அதெல்லாம் ஒரு தகுதியா? அவனோடு பாரிசில் இருக்கிற தகப்பன் இராயப்புவும் நானும் ஒரே கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஆனால் ஒரே வாங்குப் பலகையில் இருந்து பூசை கண்டதில்லை. சாதிக்கொரு பக்கம். ஷெல் விழுந்து கோயில் கூரை போன பிறகும் அவர்கள் பக்கம் நின்று அவர்கள் நனைந்தார்கள், எங்கள் பக்கம் நின்று நாங்கள் நனைந்தோம். இதைச் சொல்லத் தொலைபேசி எடுத்தால், "அப்பா, நான் வைக்கிறன்" என்று மகள் வைத்துவிடுகிறாள். ஆகவே என் மறுப்பை ஒரு சீடியில் பதிந்து அனுப்பினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை, ஆகவே இரண்டு வீட்டாரும் கலியாணப் பேச்சுக்குக் கூடும்போது அதை எல்லாருக்கும் போட்டுக் காட்ட மகளும் ஒப்புக்கொண்டாள்.

பதியும்போது ஒரு சங்கடம். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு மாக்கிறேற். வீட்டுச் சண்டை வேலி தாண்டாமல் இருக்கப் பாட்டைக் கூட்டிவிடுவதுதானே நம் ஊர் வழக்கம்? மாமி கணினியிலேயே ஒரு கலியாணப் பூசைப் பாட்டுச் சீடியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டா. நான் மைக்கை வாயோடு வைத்து இராயப்புவின் வம்சத்தை வேரிலிருந்து தொடங்கினேன்.

"என்ன அண்ணை, வீட்டிலை பூசையோ?" என்று மாக்கிறேற் வேலிக்கு மேலால் கேட்டா.

"ஓம், பலிபூசை" என்றேன்.

பதிந்ததைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். தன் குரலைத் தானே கேட்டு மகிழ்வது தற்பெருமை என்று விட்டுவிட்டேன்.

போன கிழமை மகள் எடுத்தாள். "அப்பா, சீடி போட்டனாங்கள். ஒரு சொல்லும் சொல்லாமல் பாட்டை மட்டும் அனுப்பியிருக்கிறியள். எல்லாருக்கும் அழுகை வந்திட்டுது. டெனிஸ்ரன்ரை அப்பா எழும்பி நிண்டு கேட்டவர்." அவள் என்னோடு அழுது கதைத்து எத்தனையோ காலம். "ஓம் பிள்ளை" என்றேன்.

பிறகு கணினியைத் துருவினேன். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திரையில் மைக், சீடி என்று வரிசையாகக் கோடுகள். எதன் பக்கத்தில் சிவப்பாக ஆர் என்ற எழுத்து இருக்கிறதோ அதை மட்டும்தான் சவுண்ட் கார்ட் பதியுமாம். எழுத்து சீடிக்குப் பக்கத்தில் இருந்தது. மைக்கின் கோடு உச்சியில் இருந்தது, ஆனால் பதிவில் இல்லை. எவ்வளவு உரத்துக் கத்தலாம் என்பது ஓரிடம், கத்தியதை யாராவது கேட்பார்களா என்று தீர்மானிப்பது வேறோரிடம். இந்த நாட்டில் இவ்வளவு காலம் குடியிருந்தும் இது எனக்குப் புதிதாக இருந்தது என் மடமை. ஆனால் அந்த எழுத்தை அப்படி வைத்துவிட்டுப் போனது நீர்.

அடுத்த மாதம் அங்கே கோயிலில் மூன்று ஞாயிறும் ஓலை கூறுவார்கள். இந்தக் கலியாணத்துக்குத் தடை அறிந்தவர் சொல்லலாம் என்று கேட்பார்கள். மூன்றாம் ஓலையோடு வாய் மூடவேண்டியதுதான். வாய்ப்பேச்சில் எனக்கு இனி நம்பிக்கை இல்லை, ஆகவே எழுத்தில் தருகிறேன். வாங்கு பற்றி மேலே எழுதியதைக் குருவானவருக்கு வாசித்துக் காட்டும். திருச்சபைச் சட்டப்படி இது தடையல்ல என்பார். தீவுச் சட்டப்படி தடை என்று சொல்லும்.

மடுமாதா உம்மைக் காப்பாற்றுவா. உம்முடைய லினக்ஸை மன்னிக்கிற பொறுப்பையும் அவவிடமே விடுகிறேன்.

இப்படிக்கு,
மாமா,
சீ. மரியதாசன்

பி.கு.: மிரோஜன், இது கிறேசம்மா மாமி. உறை ஒட்ட முன்னம் எழுதுறன். நீ தந்த மிசினிலை ஒரு பழுதும் இல்லை, மோனை. நீ எனக்குக் காட்டித் தந்தபடி அந்தச் சிவப்பு எழுத்தை மைக்கிலை இருந்து சீடிக்கு மாத்தினது நான்தான். மனுசன் கத்தி ஆசை தீரட்டும் எண்டு மைக்கைக் கையிலை குடுத்தனான். இந்தக் கடிதத்தைத் தபாலிலை போடுறதும் நான்தான். பிள்ளையின்ரை கலியாணம் முடிஞ்ச அடுத்த நாள் போடுவன். பிந்தித்தான் வந்ததெண்டு மாமாவுக்குப் பதில் எழுது. தபால் கந்தோரிலை வேலை செய்து பென்சன் எடுத்த மனுசன், நம்புவார்.