யானையைத் தின்ற மாடு

"உங்க வீட்ல யாருமே புஸ்தகத்தைத் தொட்டதில்லையாமே. நீ எப்படிம்மா பிள்ளைங்களுக்குப் படக் கதை நடத்துவ?"

வேலைக்குச் சேர்ந்த அன்று ஸ்டெல்லா மிஸ் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. சேக்காட்டில் இருந்த அந்தச் சின்னப் பள்ளிக்கு அவரே தலைமையாசிரியை, அவரே உரிமையாளர். "நடத்திடுவேன் மிஸ்" என்று பணிவாகச் சொன்னேன். (பணிவெல்லாம் குரலில்தான்.) எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆசிரியர் பயிற்சியும் முடித்திருந்தேன். நான் நடந்து வந்தால் கோவில்பதாகைத் தெருவே ஒதுங்கி வழிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த வயது.

என் அப்பா, எனக்கு நைனா, ஆவடி முழுக்க சினிமா போஸ்டர் ஒட்டுபவர். படிக்கத் தெரியாது. ஆனாலும் ஒரு போஸ்டரைக்கூடத் தலைகீழாக ஒட்டியதில்லை. (கதாநாயகனின் மீசை மூக்குக்குக் கீழே வருகிறதா என்று பார்த்துக்கொள்வார்.)

என் வேலை தற்காலிகம். ஆண்டு விழாக் கண்காட்சியில் என் வகுப்பு பெயர் வாங்கினால் நிரந்தரம் என்று ஸ்டெல்லா மிஸ் சொல்லியிருந்தார். படக் கதைகளைப் படித்துவிட்டுப் பிள்ளைகளே ஏதாவது செய்ய வேண்டும், அதுதான் கண்காட்சி. படக் கதைகளோ அவருடைய அறையில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகள் தொட்டால் அழுக்காகிவிடுமாம். மற்ற மிஸ்கள் புத்திசாலிகள். கண்ணாடி வழியாக அட்டைப் படத்தைப் பார்த்து, வீட்டில் உட்கார்ந்து தாங்களே வரைந்து, மூலையில் பிள்ளைகளின் பெயரை எழுதிவிட்டார்கள்.

நான் கெஞ்சிக் கூத்தாடி ஒரு புத்தகத்தை வெளியே எடுத்தேன். மழையைத் தேடிப் போகும் யானையின் கதை. என் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதை அழுக்காகும்வரை புரட்டினார்கள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து சுவரில் ஒட்ட ஒரு பெரிய யானை செய்தோம். உடம்புக்குப் பழைய செய்தித்தாள், காதுக்கு அரச இலை, வாலுக்கும் காலடிப் புல்லுக்கும் வைக்கோல். பசை எங்கள் வீட்டு மைதாப் பசை, என் கையாலேயே காய்ச்சியது.

போஸ்டர் பசையில் நைனா மயில்துத்தம் கலப்பார். கலக்காவிட்டால் மாடுகள் வந்து போஸ்டரைச் சுவரோடு நக்கிவிடும். ஆனால் துத்தம் விஷம், என் பிள்ளைகளோ விரல் சப்புகிறவர்கள். அதனால் நான் கலக்கவில்லை. பள்ளிக்குள் மாடு எப்படி வரும், வாசல் கேட்தான் எப்போதும் மூடியிருக்கிறதே என்று கணக்குப் போட்டேன். யானையை வகுப்புக்குள் மாட்டியிருக்கலாம். எனக்கு அது போதவில்லை. உள்ளே நுழைகிறவர்கள் முதலில் என் யானையைத்தான் பார்க்க வேண்டும் என்று, கேட்டை ஒட்டிய சுவரின் உள்பக்கத்தில் ஒட்டினேன்.

விழா அன்று காலையில் கேட்டைத் திறந்து இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டினார்கள். சிறப்பு விருந்தினர் கார் வருவதற்காக அப்படியே திறந்து வைத்தார்கள். வாழைமரத்துக்கு வந்த மாடு, அதைவிட ருசியான ஒன்று உள்ளே இருப்பதைக் கண்டுகொண்டது.

"மிஸ், யானைய மாடு துன்னுது" என்று கலா ஓடிவந்தாள். அரச இலைக் காதை ஒட்டியவள் அவள்தான்.

நான் போனபோது காது ஏற்கெனவே மாட்டின் வாயில் இருந்தது. வாட்ச்மேன் ஏழுமலை கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெரட்டுங்கண்ணே."

"இன்னா மிஸ், வெள்ளாடுறியா? அது ஸ்டெல்லாம்மா ஊட்டு மாடு. அடிச்சேன்னு வையி, என் வேல பூடும்."

நானே தும்பிக்கையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். மறுமுனையை மாடு இழுத்தது. புதுப் புடவையில் பசை, முழங்கைவரை மாட்டின் எச்சில். சிறப்பு விருந்தினர் காரிலிருந்து இறங்கியது சரியாக அப்போதுதான். தும்பிக்கை கிழிந்தது. பெரிய பாகம் மாட்டுக்குப் போனது.

ஸ்டெல்லா மிஸ் முதலில் மாட்டின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். பிறகு விருந்தினரிடம் சிரித்தபடியே சொன்னார்: "போஸ்டர் ஒட்டுறவர் பொண்ணு சார். சுவத்தைக் கண்டா கை சும்மா இருக்காது."

விருந்தினரும் சிரித்தார். உள்ளே போய் மிஸ்கள் வரைந்த படங்களைப் பார்த்து, "குழந்தைங்களா வரைஞ்சாங்க? பிரமாதம்" என்று பாராட்டினார். அந்தப் பள்ளியில் பிள்ளைகள் உண்மையாகவே செய்தது ஒன்றே ஒன்று. அது மாட்டின் வயிற்றில் இருந்தது.

வாழைமரத்துக்குப் பக்கத்தில், துவைத்த வெள்ளைச் சட்டையில், நைனா நின்றிருந்தார். மகளின் வேலையைப் பார்க்க வந்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்று அவர் என்னைப் பார்க்காததிலிருந்து தெரிந்தது. அடுத்த வாரம் "இனிமே வர வேணாம்மா" என்று ஸ்டெல்லா மிஸ் சொன்னபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

அன்று நைனா என்னைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து வீட்டுக்கு மிதித்தார். பாதி வழியில் தலையைத் திருப்பாமலே சொன்னார்: "பச நல்லா காச்சிகீறமே. மாடு சும்மா துன்னாது."

அந்த மாடு எங்கள் வீட்டை விட்டு இன்னும் போகவில்லை. குழம்பில் மீன் குறைந்தால் "மாடு துன்ட்ச்சி". கையிலிருக்கும் காசு மாதக் கடைசிவரை வராவிட்டாலும் அதே மாடுதான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு ஏன் அந்த ஸ்கூலை விட்டுச்சு?" என்று கேட்டார்கள். "அந்த வேலையை மாடு துன்ட்ச்சிங்க" என்றார் நைனா, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். அவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான்.

போன திங்கட்கிழமை நசரத்பேட்டையில் வேறொரு பள்ளியில் சேர்ந்துவிட்டேன். அங்கேயும் ஒரு கண்ணாடி அலமாரி, அங்கேயும் ஒரு பூட்டு. சாவியைக் கேட்டேன், தொலைந்துபோய்ப் பல வருடம் ஆகிறது என்றார்கள். பூட்டை உடைத்துவிட்டேன். புத்தகங்கள் இப்போது பிள்ளைகளிடம் இருக்கின்றன, அழுக்காகிக்கொண்டு.