சித்தப்பாவின் குழாயில் பழவங்காடி விபூதி

ஆராய்ச்சி மாணவனை உறவுக்காரர்கள் டாக்டர் என்று நினைப்பது சகஜம். அவனே அப்படி நினைக்கத் தொடங்கும்போதுதான் ஆபத்து.

இரண்டாயிரத்துகளின் பின்பாதியில் நான் திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வகத்தில் இருந்தேன். உயிரணுக்கள் வெளியே தள்ளும் நுண்ணிய பைகளைப் பற்றிய ஆராய்ச்சி. ரத்தத்திலும் சிறுநீரிலும் மிதக்கும் அவற்றுக்குள், புறப்பட்ட உறுப்பின் செய்தி இருக்கும். புற்றுநோயின் தடயமும் இருக்கலாம். ('இருக்கலாம்' என்ற சொல்லை நான் வீட்டில் பயன்படுத்தவே இல்லை.)

அதே ஊரில், வலியசாலையில் குடியிருந்த என் சித்தப்பா சிறுநீர் போக முடியாமல் அவதிப்பட்டார். ரத்தப் பரிசோதனை சரியில்லை. புராஸ்டேட்டில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். சித்தப்பா பயந்து மறுத்தார். சித்தி மாதக்கணக்கில் கெஞ்சினாள்.

நான் போய்ப் பைகளின் பெருமையைச் சொன்னேன். நாளைக்கு மருந்தையே அவற்றில் ஏற்றி அனுப்புவார்கள் என்றும் அளந்துவிட்டேன்.

"மலைக்குப் போற வித்துரா பஸ் மாதிரின்னு சொல்லு. போறப்பவும் லோடு, வர்றப்பவும் லோடு," என்றார் சித்தப்பா. "சரி, நீ பாரு. ஒண்ணுமில்லேன்னா ஊசி வேண்டாம், கேட்டியோ."

இது ஆராய்ச்சி, நோயாளிக்கான பரிசோதனை அல்ல என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், சிறுநீர் பிடிக்க ஒரு குழாயைக் கொடுத்தேன்.

மறுநாள் அதை ஃப்ரிட்ஜில் வைக்கச் சித்தி சம்மதிக்கவில்லை (மோர் இருக்கிற இடம்). ஐஸ் போட்ட தூக்குவாளியில் வாசலோரம் காத்திருந்தது.

ஆய்வகத்தில் இயந்திரத்தில் போட்டு முதலில் மெதுவாகச் சுழற்றிக் கசடை நீக்க வேண்டும். அவசரத்தில் அதைத் தாண்டி, நேரே அதிவேகச் சுழற்சிக்குப் போனேன். குழாயின் அடியில் சாம்பல் நிறத்தில் தடித்த படிவு. பைகள் திரண்டாலும் கண்ணுக்குத் தெரிவது அபூர்வம். இவ்வளவு என்றால் புற்றுநோய்தான் என்று முடிவுகட்டினேன். போன் செய்தேன்.

"சித்தப்பா, நிறைய இருக்கு."

"என்னடா நிறைய?"

"ஊசிக்குப் போயிடுங்கோ," என்றேன். அவர் போனைச் சித்தியிடம் கொடுத்துவிட்டார். மறுநாள் காலை ஊசிக்குப் போய்ப் படுத்தார்.

அதே காலையில் என் வழிகாட்டிப் பேராசிரியை குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். படிவைத் தொட்டு, கையுறை விரல்களுக்கிடையே தேய்த்தார்.

"எடோ, இது பஸ்மமல்லே?" என்றார் மலையாளத்தில். சாம்பல்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சித்தி வராந்தாவில் இருந்தாள்.

"பழவங்காடிப் பிள்ளையார் விபூதிடா. ரிசல்ட் நன்னா வரணுமேன்னு ஒரு சிட்டிகை போட்டேன். போடப்படாதோ?"

உள்ளே சித்தப்பா ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஊசி முடிந்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"அப்போ குத்தினது வேஸ்ட்டா?"

"வேஸ்ட்தான் சித்தப்பா," என்றேன், சந்தோஷமாக. அவர் என்னைத் திட்டிய திட்டில் பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். சித்தியும் சிரித்தாள். ரிப்போர்ட் வரும்வரை குடும்பமே சிரித்துக்கொண்டிருந்தது.

புற்றுநோய்தான். பிறகு எடுத்த ஸ்கேனில் எலும்பிலும் இருந்தது.

"உன் மெஷினுக்குத் தெரியலை, பிள்ளையாருக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார் சித்தப்பா. அதன்பின் இருந்த சில வருடங்களில், பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொன்னார். கடைசியில் குரல் போனபோது, சைகையில் ஒரு சிட்டிகை போட்டுக் காட்டினார். நான் ஆய்வகத்தை விட்டுப் பத்திரிகையில் சேர்ந்தேன். அங்கே என் தவறுகளுக்கு மறுநாளே திருத்தம் போட முடிந்தது.

இன்றும் குடும்பத்தில் யார் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போனாலும், "விபூதி போட்டாச்சோ?" என்று ஒருவர் கேட்பார். சித்தி மட்டும் சிரிக்கமாட்டாள்.

போன மாதம் எனக்கும் அதே ஊசிப் பரிசோதனையை எழுதினார்கள். கிளம்பும்போது சித்தி விபூதிச் சம்புடத்தோடு வந்து என் நெற்றியில் இட்டாள். விரலில் மிச்சமிருந்ததைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"இந்தத் தடவை இங்கே மட்டும்தாண்டா."