இடப்பக்க இழுப்பறை

நெதர்டன் பண்ணை,
1893 அக்டோபர் 9, திங்கள்

அபர்டீன் நகரில் குடியிருக்கும் அன்புள்ள அக்கா எல்ஸ்பெத்துக்கு, தம்பி கில்பர்ட் மரியாதையுடன் எழுதுவது. இங்கே நான் நலம், பசு நலம். நம் சின்னத் தம்பி வாட்டியும் நலமாகத்தான் இருக்கிறான்; விஷயமே அதுதான்.

விதவை கிரிசல் மட்ச் எனக்குச் சம்மதம் சொல்லுமுன் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தாள். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு இன்னொருத்தி கிடைக்கப்போவதில்லை. ஆகவே சமையலறை அலமாரியைத் தேய்த்துக் கழுவினேன். நம் வீட்டு வழக்கப்படி வாரத்துக்கான கஞ்சியை ஊற்றி இறுகவிட்டு, பாளம் பாளமாக வெட்டித் தின்கிற இடப்பக்க இழுப்பறைதான் இழுத்தால் மக்கர் பண்ணாமல் வரும் என்பதால், அதையும் சுரண்டி, மெழுகு பூசி, கல்யாணத்துக்கென்று தைத்த வெள்ளைச் சட்டையை மடித்து, அவள் கண்ணில் படும்படி வைத்தேன். வாட்டியிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும், அவனுக்குக் கண் இல்லையா? சனிக்கிழமை அவன் வழக்கம்போல ஓட்ஸ் கஞ்சி காய்ச்சி, இழுப்பறையைப் பாதி திறந்து, அண்டாவைக் கவிழ்த்து, மூடிவிட்டுப் போய்விட்டான்.

இன்று காலை கிரிசல் வந்தாள். நேராக அந்த இழுப்பறையைத்தான் இழுத்தாள். கஞ்சி நன்றாக இறுகி, அதிலிருந்து சட்டையின் ஒரு கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"சட்டைக்குக் கஞ்சி போட்டுப் பாத்திருக்கேன். கஞ்சிக்குச் சட்டை போட்டு இப்பத்தான் பாக்குறேன்" என்றாள்.

"இருபது வருஷமா இதுலதானே ஊத்துறேன்!" என்றான் இந்தத் தடியன்.

அவள் கத்தியை எடுத்து ஒரு பாளம் வெட்டி வாயில் போட்டாள். பல்லில் பொத்தான் கடிபட்டது. எடுத்து மேசைமேல் வைத்தாள். "உப்பு சரியா இருக்கே. யாரு காய்ச்சினது?"

"எல்லாம் இந்த மடப்பயதான்" என்றேன். கத்தியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். என்னத்தைச் சொல்ல, மானமே போச்சு!

எல்லாம் இவனால் வந்த வினை. வீட்டில் இருப்பதோ கதவு வைத்த பெட்டிக் கட்டில் ஒன்றே ஒன்று. புதுசாகக் கட்டிக்கொண்டவர்களுக்கு நடுவே இவனுக்கு என்ன வேலை? உன் மாடி அறையை ஒழித்து இவனைக் கூப்பிட்டுக்கொள். அவளை நான் சமாதானப்படுத்திவிடுவேன்.

அத்தானின் இருமல் தணியட்டும். பிள்ளைகள் நல்லபடி வளரட்டும்.

உன் தம்பி,
கில்பர்ட்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் கிரிசல் திரும்பி வந்து, வாட்டியைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். "உனக்கு அலமாரி துடைக்கத் தெரியுது, அவருக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியுது. தினமும் நான் திங்கப்போறது எதை?" என்று என்னையே கேட்டாள். அவன் முகம் சிவந்து நின்றானே தவிர, மாட்டேன் என்று சொல்லவில்லை. எனக்கு வருத்தம்தான், அக்கா. அறையை எப்படியும் ஒழித்து வை. வருவது நான்.