மச்சினன் கெடுத்த செயின்

“உன் தம்பி இந்த வண்டியை என்ன பண்ணினான்னு இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சாகணும்” என்றார் கிடங்கு சூப்பர்வைசர். வாசலில் பைக்கை நடு ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

“ரெண்டு நாள் ஓட்டினான். துடைச்சு, பெட்ரோல் போட்டுக் கொண்டுவந்து விட்டான். வேற என்ன பண்ணணும்?” என்றாள் மனைவி.

“பெட்ரோல் போட்டானே, அங்கதான் எனக்குச் சந்தேகம். தப்பு பண்ணாதவன் எதுக்குப் பெட்ரோல் போடுறான்?”

கொஞ்ச நாளாகவே அவருக்கு வயிற்றெரிச்சல்தான். கிடங்கில் லிஃப்ட் ஓடவில்லை. குழாயில் தண்ணீர் வராததால் கை கழுவ வழியில்லாமல் ஸ்பூனால் சாப்பிட வேண்டியிருந்தது. மேலாளர் இவருடைய நாற்காலியைத் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டார். இத்தனையும் போதாதென்று, வேலை முடிந்து வீடு திரும்பும்போது வண்டியில் கடகடவென்று ஒரு சத்தம். மச்சினன் வண்டியைத் திருப்பிக் கொடுத்த மறுநாளே அது ஆரம்பித்துவிட்டது. காலையில் போகும்போது இருப்பதில்லை, சாயங்காலம்தான்.

“செயின் தளர்ந்திருக்கு. பகல் வெயில்ல இரும்பு விரியுது, சாயங்காலம் ஆடுது. இது சயின்ஸ், உனக்குப் புரியாது.”

மெக்கானிக்கிடம் காட்டாமல் இல்லை. மெக்கானிக் வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தார். சூப்பர்வைசர் கைப்பையோடு ஓரமாக நின்றார்.

“செயின் நல்லா இருக்கு சார். சத்தமே இல்லையே.”

“அப்ப என் காது சரியில்லைங்கிறீங்க.”

“நான் அப்படிச் சொல்லலை சார். வண்டி சரியா இருக்குன்னேன்.”

இரண்டும் ஒன்றுதானே என்று கொதித்துப்போனார். தன் கையே தனக்குதவி என்று அன்றைக்கே ஒரு கேன் மண்ணெண்ணெய் வாங்கி வந்துவிட்டார்.

முதல் விடுமுறை நாளில் செயினை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தார். குளியலறையிலிருந்து எடுத்த பிரஷ் பழையது என்றுதான் நினைத்தார். மறுநாள் காலை மனைவி வாய் கொப்பளித்த வேகத்தைப் பார்த்த பிறகுதான் அது புதியது என்று தெரிந்தது. போகட்டும், ஓட்டிப் பார்த்தபோது சத்தம் போய்விட்டதே என்று அவர் மார்தட்டிக்கொண்டார். அன்று சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பும்போது கடகட.

“எண்ணெய் பத்தலை” என்று அடுத்த விடுமுறையில் ஒரு டப்பா ஆயிலை அப்படியே செயினில் கவிழ்த்தார்.

“மிச்சத்தைத் துணியால துடைக்கணும்னு டப்பாவுலயே போட்டிருக்கு” என்றாள் மனைவி.

“வண்டி என்னுதா, டப்பாவுதா?”

வண்டியைக் கிளப்பிச் சக்கரத்தைச் சுழலவிட்டார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த படுக்கை விரிப்பில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. மறுநாள் சாயங்காலம் சத்தமும் காதில் விழுந்தது.

அடுத்து, செயினை இறுக்கினார். விரலால் அழுத்தினால் கொஞ்சமாவது இறங்க வேண்டிய செயின், கம்பி மாதிரி விறைத்து நின்றது. இப்போது காலையிலும் சத்தம் வந்தது, வேறு ரகம். செயின் வாய்விட்டு அழுதது.

“உன் தம்பி பண்ணின வேலையெல்லாம் ஒண்ணொண்ணா வெளிய வருது பார்” என்றார் மனைவியிடம்.

கடைசியில் செயினைக் கழற்றியே பார்த்துவிடுவது என்று அதன் இரு முனைகளையும் இணைக்கும் பூட்டை நெம்பினார். நகத்தளவு இருந்த அந்தப் பூட்டு துள்ளிப்போய் சாக்கடையில் விழுந்தது. செயின் தரையில் சுருண்டது. கோபம் தலைக்கேறி, கிரீஸ் கையோடு மச்சினனைப் போனில் கூப்பிட்டார்.

“மாமா, பள்ளம் மேடெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டினேன்.”

“அப்ப அது தானாக் கெட்டுப்போச்சா?”



“சரி மாமா. நான்தான் கெடுத்திருப்பேன். நாளைக்குச் சாயங்காலம் அப்பா அம்மாவோட வந்து, புதுச் செயின் மாட்டிக் குடுத்துட்டு மன்னிப்புக் கேட்டுக்கறேன். அக்காவைத் திட்டாதீங்க.”

மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கதவருகே நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

“அவன் மேல தப்பு இல்லேன்னு தெரிஞ்சுதுன்னா, எங்க அப்பா அம்மா முன்னால நீங்க அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்.”

“தாராளமா கேக்கறேன். எனக்கென்ன பயம்?”

மறுநாள் வண்டியில்லாமல் பஸ்ஸில்தான் போக வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது எப்படியோ இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இந்நேரம் மச்சினன், மாமனார் மாமியாரோடு வீட்டுக்கு வந்து காத்திருப்பான். போனதும் மன்னித்துவிடுவதா, கொஞ்சம் தவிக்கவிட்டு மன்னிப்பதா என்று சுகமாக யோசித்துக்கொண்டு வந்தார். நிறுத்தம் நெருங்கியபோது பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

கடகட.

சூப்பர்வைசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சந்தேகமே இல்லை, அதே சத்தம்தான்.

“கேக்குதா உங்களுக்கு? இந்த பஸ்ஸையும் என் மச்சினன்தான் ஓட்டியிருப்பான் போல” என்றார், பக்கத்தில் தூங்கப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம்.

பெரியவர் தூக்கம் கெட்ட கடுப்பில் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

“நீங்க ஏறினதுலேருந்து கேக்குது. உங்க காலி சாப்பாட்டு டப்பாவுக்குள்ள ஸ்பூன் கிடந்து ஆடுது சார், அதை முதல்ல வெளிய எடுங்க.”