நல்லதெல்லாம் எங்கள் ஜீன்

எந்தக் குடும்பத்தை எடுத்துக்கொண்டாலும் அதில் ஒரு ஜீன் மாமா இருப்பார். இது அழிந்துவரும் இனமல்ல, பெருகிவரும் இனம்.

நம்ம மாமா கல்லூரி ஆய்வகத்தில் இருபத்தைந்து வருஷமாக மைக்ராஸ்கோப் துடைத்து அடுக்குகிறவர். துடைத்த கையோடு உள்ளே எட்டிப் பார்த்ததில் பாதிப் படிப்பு ஒட்டிக்கொண்டது. மீதியை அவரே தயாரித்துக்கொண்டார். மகள் கணக்கில் நூறு வாங்கினால் எங்கள் ஜீன், பரீட்சை நாளில் தூங்கி வழிந்தால் மனைவி வீட்டு ஜீன், பேரன் சிரித்தால் இந்தப் பக்கம், எதிர்த்துப் பேசினால் அந்தப் பக்கம் என்று பிறந்தது முதல் எல்லாரையும் பங்கு பிரித்துவிடுவார். அவருடைய வழுக்கை? அது ஜீனே இல்லை. தண்ணீர்க் கோளாறு.

இப்படி இருக்கையில் அவர் தம்பிக்கு எலும்பு மஜ்ஜை கெட்டுப்போனது. பொருந்துகிற ஒருவரின் ஸ்டெம் செல்களை ஏற்றினால்தான் பிழைப்பார். கூடப் பிறந்தவருக்குப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு என்றார் டாக்டர்.

"நாலுல ஒண்ணா? நானும் அவனும் ஒரே அச்சு சார்! எழுதி வச்சுக்கங்க!"

மார்தட்டிப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார். ரிசல்ட் வந்தது. முழுப் பொருத்தம்.

மாமா மெல்ல நாற்காலியைத் தேடினார்.

"ஆபரேஷனா சார்?"

"இல்லை சார். அஞ்சு நாள் ஊசி. அப்புறம் ரெண்டு கையிலயும் ஊசி குத்தி, மெஷின்ல ரத்தத்தைச் சுத்த விட்டு செல்லைப் பிரிச்சு எடுப்போம். நாலஞ்சு மணி நேரம்."

"அதுல பாருங்க... அவன் முழுக்க அம்மா. நான் முழுக்க அப்பா. மெஷின் தப்பா சொல்லியிருக்கும்."

"எல்லாரும் பாதி அம்மா, பாதி அப்பாதான் சார். பொருத்தம் பார்க்கிற ஜீன்ல மட்டும் உங்க ரெண்டு பேருக்கும் அந்தப் பாதிகள் ஒரே மாதிரி வந்திருக்கு."

கட்டிலிலிருந்து தம்பி ஈனக் குரலில் சொன்னார்: "பயமா இருந்தா விட்ருண்ணே."

மாமி முன்னால் வந்தார். "ஏங்க, இத்தனை வருஷம் எங்க வீட்டு ஆளுங்களை ஒருத்தர் விடாம பிரிச்சு மேஞ்சீங்களே. இந்தப் பயம் எந்தப் பக்கத்து ஜீனுன்னு சொல்லிட்டு எந்திரிங்க."

மாமா சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார்.

தம்பி பிழைத்துக்கொண்டார். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார், நடக்கிறார். எல்லாம் யார் செல் என்று கேட்டுவிடாதீர்கள். மாமா பக்கத்திலேயே நிற்கிறார்.

ஒன்றே ஒன்று. இதைப் படிக்கும்போது உங்கள் சொந்தத்தில் ஒருவர் முகம் கண்ணில் வந்து போயிருக்குமே? அவர் உங்களைக் கட்டிக்கொண்டவர் பக்கத்து ஆள்தானே?

வணக்கம், ஜீன் மாமா!